பூச்சிமருந்துப் பெட்டி முதல் குழுக் கடன் வரை: தற்கொலைத் தடுப்பு பற்றிக் கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. கிராமங்களில் மனநலப் பணி செய்துவரும் ஒரு செவிலியர் பதில் சொல்கிறார்.

புதுச்சேரி படித்தவர்கள் அதிகம் உள்ள ஊர், ஆஸ்பத்திரிக்கும் பஞ்சமில்லை. அப்படியும் தற்கொலை ஏன் இவ்வளவு? (லாஸ்பேட்டை வாசகர்)

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில், லட்சம் பேருக்குப் புதுச்சேரியில் 29.7, இந்தியா முழுவதற்கும் 12.4. அந்த ஆண்டு நாட்டில் 1,70,924 பேர் இப்படி இறந்தார்கள். பதிவான காரணங்களில் குடும்பப் பிரச்சினை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, அடுத்தது உடல், மன நோய். இறந்தவர்களில் நாலில் ஒருவருக்கும் மேல் தினக்கூலிக்காரர். ஆனால் ‘குடும்பப் பிரச்சினை’ என்று எழுதிய ஒரு வரிக்குள் குடி இருக்கும், கடன் இருக்கும், அடி உதை இருக்கும். ஆஸ்பத்திரி அவசியம்தான். ஆனால் கூலி, கடன், சாராயம் இதெல்லாம் அதன் வாசலுக்கு வெளியே அல்லவா இருக்கிறது?

அக்கா, எங்க பக்கம் ஒரு காலத்துல பூச்சிமருந்தைப் பெட்டியில பூட்டி வைக்கிற திட்டம் நடந்துச்சுன்னு அப்பா சொல்வார். சாகணும்னு நினைக்கிறவர் வேற வழி தேட மாட்டாரா? (காட்டுமன்னார்கோவில் விவசாயி)

அப்பா சொன்னது சரி தம்பி. சென்னையில் 1986-ல் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரின் குழு செய்த ஆய்வு அது. ஊருக்குப் பொதுவான ஒரு கட்டடம், உள்ளே விவசாயிகளுக்குத் தனித்தனிப் பூட்டுப் பெட்டி. மருந்து அடிக்கும் நாளில் வந்து எடுத்துக்கொள்ளலாம். 2013-ல் வெளியான முடிவு, மக்கள் இதை ஏற்றுக்கொண்டு நடத்த முடியும் என்று காட்டியது. சிறிய ஆய்வுதான், அதை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது.

வேறு வழி தேடுவாரா என்பதற்கு இலங்கையைப் பாருங்கள். 1995 வாக்கில் தற்கொலை உலகிலேயே மிக அதிகமான நாடுகளில் அதுவும் ஒன்று, லட்சத்துக்கு 47 அளவில் இருந்தது. கடும் நச்சுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் இறங்கியது. நெல் விளைச்சல் குறையவில்லை. எல்லோரும் வேறு வழியைத் தேடிப் போயிருந்தால் இந்த இறக்கம் வந்திருக்காது. பெரும்பாலானவர்களுக்கு அந்த வேகம் சில மணி நேரம், சில சமயம் சில நிமிடம்தான். அப்போது கையெட்டும் தூரத்தில் எதுவும் இல்லை என்றால் பலர் பிழைத்து, பிறகு வாழ்ந்தும் விடுகிறார்கள்.

உங்கள் வீட்டில் செய்யக்கூடியது: அந்த வாரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே வாங்குங்கள். மிச்சத்தை வீட்டில் பரண்மேல் போடாதீர்கள், மோட்டார் கொட்டகையில் பூட்டி வையுங்கள். வீட்டில் யாராவது மனம் உடைந்து இருந்தால் சாவி இன்னொருவர் கையில் இருக்கட்டும்.

குழுக் கடன் வாரத் தவணை கட்ட முடியல. வீட்டு வாசல்ல உட்கார்ந்துக்கிறாங்க மேடம், வெளியில தலை காட்ட முடியல. (பண்ருட்டிப் பக்கம், ஒரு சகோதரி)

அம்மா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தவணை தவறுவது குற்றமில்லை. ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் விதிப்படி காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் உங்களைக் கூப்பிடக்கூடாது. வசூல் இருவரும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில்தான் நடக்க வேண்டும். அங்கே தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ நீங்கள் வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். கெட்ட வார்த்தை, மிரட்டல், உறவினரைத் தொல்லைப்படுத்துவது எதுவுமே கூடாது. வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் தரவும் கூடாது. கடன் வசூலில் கட்டாயப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாடு 2025-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. ஆகவே கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுங்கள், குழுப் பெண்கள் நாலு பேராகச் சேர்ந்து போங்கள்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் உங்கள் பக்கத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. புதுக் கன்று காய்ப்புக்கு வர வருடங்கள் ஆகும். வட்டி அதுவரை காத்திருக்காது. புயல் நிவாரணம் என்று பேசும்போது கடன் தவணையைத் தள்ளிப்போடுவதையும் உயிர் காக்கும் வேலையாகவே நான் பார்க்கிறேன். அப்புறம், உங்கள் குழுவில் ஒருத்தி கட்டாதபோது மற்றவர்கள் அவளைத் திட்ட வேண்டாம். அவமானம்தான் கடனைவிட அதிகமாக ஆளை அழுத்துகிறது.

ப்ளஸ் டூ ரிசல்ட் வரப்போகுது. பையன் பேசாமலே இருக்கான். ‘சாகணும்னு தோணுதா’ன்னு கேட்டா நாமே ஞாபகப்படுத்தின மாதிரி ஆகிடாதா? (நெல்லிக்குப்பம், ஒரு அம்மா)

ஆகாது. நேராகவே கேளுங்கள். கேட்டதால் அந்த எண்ணம் வராது. வந்திருந்தால், சொல்ல ஆள் கிடைத்த நிம்மதிதான் வரும். ரிசல்ட் நாளில் அவன் தனியாக இருக்க வேண்டாம். தவறினாலும் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு உண்டு, அதே வருடம் கல்லூரியில் சேரலாம் என்று ரிசல்ட்டுக்கு முன்பே சொல்லி வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கைப் பற்றி அன்றைக்குப் பேச்சே வேண்டாம்.

தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் போலீஸ் கேஸ் ஆகுமா? (கடலூர் முதுநகர்)

பயந்து தாமதிக்காதீர்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொண்டு தண்டனை கூடாது என்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவு இல்லை. போலீசுக்குத் தகவல் போகலாம், ஆனால் சிகிச்சை அதற்காக நிற்காது.

அண்ணன் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். இனி என்ன பேசுவது? (அரியாங்குப்பம்)

டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய வாரங்கள் ஆபத்தானவை. சென்னை உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில், தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரிடம் உலக சுகாதார நிறுவனம் ஒரு சோதனை நடத்தியது. ஒரு பகுதியினரிடம் வீடு திரும்பும் முன் ஒரு மணி நேரம் பேசி, பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அவர்களில் தற்கொலைச் சாவு மிகக் குறைவு. ஆகவே பெரிய புத்திமதி தேவையில்லை. ‘ஏன் செய்தாய்’ என்று குடையாமல், சாப்பிட்டாரா, தூங்கினாரா, மாத்திரை போட்டாரா என்று கேளுங்கள். ஜிப்மர் மனநலப் பிரிவுக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ மறுபரிசோதனைக்கு நீங்களே கூட்டிப் போங்கள். நடு இரவில் பயம் வந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-ம் உண்டு. இரண்டு எண்களையும் அண்ணன் போனிலும் அண்ணி போனிலும் இன்றைக்கே பதிந்துவிடுங்கள்.