போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் வைத்து இரண்டு டொமைனுக்கு வர்ச்சுவல் மெயில் கணக்குகள் (லினக்ஸ் யூசர் தேவைப்படாத மெயில் ஐடிகள்) அமைத்தேன். மெயில் போனதாக லாக் சொல்கிறது, இன்பாக்ஸில் இல்லை. ஏன்?

போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை வாங்கிப் பெட்டியில் சேர்ப்பது), டவ்காட் (பெட்டியில் உள்ளதை அவுட்லுக் போன்றவற்றுக்குக் காட்டுவது), இரண்டு டொமைன் என்று எழுதியிருக்கிறீர்கள். முன்பு லினக்ஸ் யூசர்களை வைத்தே மெயில் ஓட்டிய பழைய சர்வராகத்தான் இருக்கும். இதே விஷயம் எனக்கு மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

நான் சர்வர் பார்த்துக்கொடுக்கும் ஒரே முதலாளிக்கு இரண்டு கம்பெனி: ஒன்று நூல் வியாபாரம், இன்னொன்று பனியன் ஏற்றுமதி. எனக்கு முன் இருந்தவர் இரண்டு டொமைனையும் போஸ்ட்ஃபிக்ஸ் கான்ஃபிக் ஃபைலின் மைடெஸ்டினேஷன் வரியில் போட்டிருந்தார். அந்த வரியில் இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸுக்கு அது உள்ளூர் டொமைன். @-க்கு முன்னால் உள்ள பெயரை மட்டும் பார்த்து, அந்த லினக்ஸ் யூசரின் பெட்டியில் போட்டுவிடும். அதனால் இரண்டு கம்பெனியின் 'இன்ஃபோ'வுக்கும் ஒரே பெட்டி. நூல் விலை கேட்டு வந்த மெயிலைப் பனியன் கம்பெனியில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்காகத்தான் வர்ச்சுவலுக்கு மாற்றினேன். எல்லாப் பெட்டிகளுக்கும் சொந்தக்காரராக வீமெயில் என்ற ஒரே லினக்ஸ் யூசர், யூசர் எண் 5000. டொமைனுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் ஆளுக்கொரு ஃபோல்டர். எந்த ஐடிக்கு எந்த ஃபோல்டர் என்று சொல்லும் மேப் ஃபைலில் பாதையின் கடைசியில் சாய்கோடு போட மறக்காதீர்கள். போடாவிட்டால் மெயிலுக்கு ஒரு ஃபைல் வைக்கும் மெயில்டிர் ஃபோல்டருக்குப் பதில் ஒரே ஃபைலாக எழுதிவிடும். டேட்டாபேஸ் இல்லாமல் இந்தக் காலத்தில் யார் செய்கிறார்கள் என்று கேட்க ஆள் வருவார்கள். முப்பது ஐடிக்கு மேப் ஃபைலைத் திருத்தி, அதை போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவத்துக்கு மாற்றும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்டினால் போதும். ஆயிரம் ஐடி என்றால் நானும் டேட்டாபேஸ்தான் வைப்பேன்.

சரி, தவறு எங்கே? பனியன் கம்பெனி டொமைனை மைடெஸ்டினேஷனிலிருந்து எடுக்கவில்லை. மைடெஸ்டினேஷன், வர்ச்சுவல் டொமைன் பட்டியல் இரண்டிலும் இருந்தால் உள்ளூர்தான் ஜெயிக்கும். மெயில் 'யூசர் அன்னோன்' என்று திரும்பியிருந்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்கும். ஆனால் இன்ஃபோ என்ற பழைய லினக்ஸ் யூசரை நான் நீக்கவில்லை. வெள்ளி மாலையிலிருந்து திங்கள் மதியம் வரை வந்ததெல்லாம் அந்தப் பழைய பெட்டியில் போய் விழுந்தது. லாக்கில் 'ஸ்டேட்டஸ்=சென்ட்' என்று இருந்ததைக் காட்டி, "சர்வருக்கு மெயில் வந்துவிட்டது சார், உங்கள் அவுட்லுக்கைப் பாருங்கள்" என்று வாதாடினேன். அதே வரியில் சற்று முன்னால், மெயிலை எந்த வழியில் கொடுத்தது என்று சொல்லும் இடத்தில், 'ரிலே=லோக்கல்' என்று இருந்தது. அங்கே 'ரிலே=வர்ச்சுவல்' என்று வந்திருக்க வேண்டும். ஒரே டொமைனை இரண்டிலும் போடாதே என்ற எச்சரிக்கையையும் போஸ்ட்ஃபிக்ஸ் அதே லாக்கில் எழுதிக்கொண்டே இருந்தது.

டொமைனை எடுத்து ரீலோட் செய்ய ஒரு நிமிடம். பழைய பெட்டியில் கிடந்த 41 மெயிலைப் புதியதற்கு மாற்ற இரவு பதினொன்று ஆனது. மாதக் கடைசியில் பில் கொடுத்தபோது, "ஒரு வரியை அழித்ததற்கா இவ்வளவு?" என்று கேட்டார்கள். எந்த வரி என்று கண்டுபிடிப்பதற்குத்தான் காசு. ஃப்ரீலான்ஸ் செய்பவர்களே, வேலைக்கு முன்பே தொகையை எழுதி வாங்கிவிடுங்கள். இதைக் கறார் என்பவர்கள் என் நிலையில் இருந்து பார்க்கட்டும்.

நீங்கள் முதலில், போஸ்ட்ஃபிக்ஸின் கான்ஃபிக்கைக் காட்டும் போஸ்ட்கான்ஃப் கட்டளையில் மைடெஸ்டினேஷனைப் பாருங்கள். அப்புறம் ஒரு சோதனை மெயில் அனுப்பி, லாக்கில் 'ரிலே' என்ன காட்டுகிறது என்று இங்கே எழுதுங்கள். மெயிலைப் பெட்டியில் போடும் வேலையை எல்எம்டிபி (மெயிலைக் கைமாற்றும் முறை) வழியாக டவ்காட்டிடம் கொடுத்திருந்தால் அங்கே அதன் சாக்கெட் பெயர் வரும், அது சரிதான்.