நாய் வளர்ப்பு வெள்ளைக்காரன் பழக்கமா? – கடிதம்

வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் நாலைந்து கட்டாக்காலி நாய்கள் உண்டு, இரவில் சோறு வைப்பேன். கீழ்வீட்டு ஐயா, "இது வெள்ளைக்காரன் பழக்கம். எங்கட முன்னோர் நாயை வேட்டைக்கும் காவலுக்கும்தான் வைச்சிருந்தவை. திருவாசகத்திலேயே நாயைக் கீழாகத்தானே சொல்லியிருக்கு" என்கிறார். அவர் சொல்வது சரியா?

க., வெள்ளவத்தை

அன்புள்ள க.,

பாதி சரி. வேட்டையும் காவலும் பெரிய காரணங்கள்தான். அதோடு கதை முடிந்தது என்றால்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஜெர்மனியில் பான் நகரின் ஓபர்காசல் பகுதியில் 1914-ல் கல்லுடைத்தவர்கள் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். சுமார் 14,000 ஆண்டுப் பழையது. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஏழு மாதம்கூட நிரம்பாத ஒரு நாய்க்குட்டி. அதன் பற்களை ஆராய்ந்தவர்கள், குட்டிக்கு டிஸ்டெம்பர் என்ற நாய்களைக் கொல்லும் தொற்றுநோய் வந்திருக்கிறது, அதுவும் வாரக்கணக்கில் விட்டுவிட்டுத் தாக்கியிருக்கிறது என்று 2018-ல் எழுதினார்கள். அந்த நோயை வீட்டில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வாந்தி, வயிற்றோட்டம், வலிப்பு. யாராவது பக்கத்தில் இருந்து துடைத்து, தண்ணீர் பருக்கி, குளிர் படாமல் வைத்திருந்தால் ஒழிய முதல் தடவையே போயிருக்கும். வேட்டைக்கும் உதவாத, காவலுக்கும் உதவாத அந்தக் குட்டியை யாரோ பார்த்திருக்கிறார்கள், செத்த பிறகு தங்கள் ஆட்களோடு புதைத்தும் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் நாடுதானே என்று ஐயா கேட்பார். கேட்கட்டும், நம் பக்கமே வருவோம்.

திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது, மகேந்திரவர்ம பல்லவன் காலம், 7-ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் விழுந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். அதில் அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்று பெயரும் பொறித்து, இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதாக எழுதி வைத்திருக்கிறார்கள். காவல் நாய்தான், ஐயாவுக்கு ஒரு புள்ளி. ஆனால் அந்தக் காலத்தில் கல்லில் பெயர் ஏறாமல் போன மனிதர்கள் எத்தனை பேர்!

திருவாசகத்தில் மாணிக்கவாசகர் தாழ்த்துவது தன்னைத்தான், நாய் அங்கே ஓர் அளவுகோல். நாயைத் தாழ்வாக நினைத்த சமூகம்தான் அது, மறைக்க வேண்டியதில்லை. அதே சைவம்தான் வைரவருக்கு நாயை வாகனமாகக் கொடுத்து, வடைமாலையும் சாத்துகிறது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பழங்காலமே நாய்க்குச் சொர்க்கம் என்று நினைப்பீர்கள். எகிப்தில் சக்காராவில் அனுபிஸ் கடவுளுக்கு நேர்ந்து வைத்த விலங்குகளின் நிலவறைகள் உண்டு. பெரும்பாலும் நாய்கள், மொத்தம் கிட்டத்தட்ட 80 இலட்சம் இருந்திருக்கலாம் என்பது கணிப்பு. பல, பிறந்து சில மணி நேரமோ சில நாளோ ஆன குட்டிகள், காணிக்கைக்கென்றே பெருக்கப்பட்டவை. பக்தி இருந்த இடத்தில் இரக்கமும் இருந்தது என்று சொல்ல முடியாது.

சரி, உங்கள் ஒழுங்கைக்கு வருவோம். இதை வரலாற்றை வைத்துத் தீர்க்க முடியாது. ஐயாவுக்கு விசர்நாய்க்கடிப் பயம் இருந்தால் அது நியாயமான பயம். நாய்களுக்குத் தடுப்பூசி போடுவியுங்கள், பெட்டைகளுக்குக் கருத்தடையும். சோற்றை அவர் வாசலிலிருந்து தள்ளி ஒரே நேரத்தில் வைத்து, மிச்சத்தை அன்றிரவே அள்ளிவிடுங்கள். மிச்சம் கிடந்து எலி வந்தால், அப்புறம் நானும் ஐயா பக்கம்தான்.