ரத்தம் குறைந்ததை ஏன் கடைசி வரியில் எழுதினீர்கள்?

கேள்வி: வயது 54, திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர். மைத்துனர் கணையப் புற்றுநோயில் இறந்த பிறகு பயந்துபோய் 90 டெஸ்ட் பேக்கேஜ் எடுத்தேன். இஎஸ்ஆர் (உடலில் அழற்சி இருந்தால் ஏறும் அளவு) 34, யூரிக் ஆசிட் 7.4, வைட்டமின் டி 18, மூன்று மாத சர்க்கரை அளவு 6.0. புற்றுநோய் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கும் ட்யூமர் மார்க்கர் டெஸ்ட்டில் இன்னும் எதையெல்லாம் எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம்? முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடுவேன். ஹீமோகுளோபின் 10.4, போன வருடம் 13.9 இருந்தது, டானிக் குடிக்கிறேன்.

பதில்: ட்யூமர் மார்க்கர் எதுவும் வேண்டாம். அதில் ஒன்றான சிஇஏ, பீடி, சிகரெட் பிடித்தாலே ஏறும், இன்னொன்றான சிஏ 19-9 பித்தக்கல் அடைத்தாலும் ஏறும், ஆரம்பநிலைப் புற்றுநோயில் இரண்டுமே நார்மலாக இருக்கலாம். ஏறினால் வீண் பயம், ஏறாவிட்டால் பொய்யான நிம்மதி. பயத்தில் இதற்கெல்லாம் காசு கட்டாதீர்கள். அப்புறம், சொந்தத்துக்குள் கல்யாணம் ஆகாத குடும்பம் என்றால் மைத்துனர் உங்களுக்கு ரத்த உறவு இல்லை. அப்படியானால் அவருக்கு வந்த நோய் பரம்பரையாக உங்களுக்கு வர வழி கிடையாது.

லேப்காரர்கள் போடும் நார்மல் எல்லை, ஆரோக்கியமான 100 பேரில் 95 பேர் உள்ளே அடங்கும்படி வரைந்தது. மீதி 5 பேருக்கு நோய் இல்லாமலேயே எண் வெளியே நிற்கும். 90 டெஸ்ட் எடுத்துவிட்டு நாலைந்து தடித்த எழுத்தில் வந்திருக்கிறதே என்று தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். கால் பெருவிரல் சிவந்து வீங்கி வலித்ததில்லை என்றால் யூரிக் ஆசிட்டுக்கு மாத்திரை தேவையில்லை. வைட்டமின் டி-யை நிதானமாகச் சரிசெய்துகொள்ளலாம்.

என்னைப் பதற வைப்பது நீங்கள் கடைசியாகப் போகிறபோக்கில் எழுதிய 10.4 தான். ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. ஒரே வருடத்தில் மூன்றரை கிராம் இறங்கியிருக்கிறது. பெண்களுக்கு மாதவிலக்கு என்று ஒரு காரணமாவது இருக்கிறது. 54 வயது ஆணுக்கு இரும்புச்சத்து குறைந்தால், எங்கேயோ ரத்தம் கசிகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும், பெரும்பாலும் இரைப்பையிலோ குடலிலோ. டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரையைச் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடுகிறவர்களுக்கு இரைப்பைப் புண் வந்து, வயிற்றுவலியே இல்லாமல் கசிவதைப் பார்த்திருக்கிறேன். பெருங்குடலின் வலது பக்கம் வரும் கட்டியும் இப்படித்தான், மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கசியும், முதலில் தெரிவது களைப்பும் ரத்தசோகையும்தான். நீங்கள் பயப்படும் நோய்க்கான தடயத்தை இங்கேதான் தேட வேண்டும்.

இஎஸ்ஆர் 34-ஐக் கண்டு பயந்தீர்களே, ரத்தசோகை இருந்தாலே இஎஸ்ஆர் ஏறும். இரும்புச்சத்துக் குறைவு அந்த மூன்று மாத சர்க்கரை அளவையும் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அதனால் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டானிக்கை நிறுத்துங்கள். காரணம் தெரியாமல் குடித்தால் எண் ஏறும், கசிவு அப்படியே இருக்கும். அதோடு இரும்புச்சத்து டானிக்கே மலத்தைக் கறுப்பாக்கும், ரத்தத்தால் கறுத்ததா டானிக்கால் கறுத்ததா என்று உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். வலி மாத்திரையையும் விடுங்கள், முழங்காலை வேறு வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது சின்ன பட்டியல்தான். முழு ரத்த எண்ணிக்கை மறுபடியும், கூடவே உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின். இத்தனை நாள் வலி மாத்திரை போட்டதால் சிறுநீரகத்தைப் பார்க்க கிரியேட்டினினும். ஃபெரிட்டின் குறைவாக வந்தால் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் என்டோஸ்கோபி, பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி இரண்டையும் பற்றிப் பேசுங்கள். மலத்தில் ரத்தம் இல்லை என்று ஒரு டெஸ்ட் வந்துவிட்டால் விட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். கூடாது, கசிவு விட்டுவிட்டு நடக்கும், டெஸ்ட் எடுத்த அன்றைக்கு நின்றிருக்கலாம். குழாய் விட்டுப் பார்ப்பதற்குப் பயப்படாதீர்கள், மயக்க மருந்து கொடுத்தும் செய்கிறார்கள். குடல் சுவரில் முளைக்கும் சிறு பாலிப் (சதை வளர்ச்சி) இருந்தால் அங்கேயே எடுத்துவிடலாம், அது பின்னால் புற்றுநோயாக மாறவே இடமிருக்காது. எந்த ட்யூமர் மார்க்கரும் இதைச் செய்யாது. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா என்று விசாரித்துப் போய்ச் சொல்லுங்கள். போன வருட ரிப்போர்ட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

இந்த வாரத்துக்குள் போய்விடுங்கள். அதற்கு முன்பே மலம் தார் மாதிரி கறுத்து, ஒட்டி, கடும் நாற்றத்தோடு போனாலோ, எழுந்து நின்றதும் கண் இருட்டினாலோ, மாடி ஏறும்போது நெஞ்சு வலித்தாலோ டானிக்கால் இருக்கும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவு இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போகாமல் வீட்டில் ஒருவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போங்கள்.