சோலார் வைக்கும் வீட்டுக்கு எந்தக் குழாய்?

அவிநாசி பக்கம் வீடு கட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு. போர் தண்ணீர், நல்ல உப்பு. மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் வருகிறது. பிளம்பர் எல்லாவற்றுக்கும் யூபிவிசி போதும் என்கிறார், மாமனார் ஜிஐ தவிர எதையும் நம்பமாட்டேன் என்கிறார், கடைக்காரர் முழுக்க சிபிவிசி போடச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?"

யூபிவிசி பச்சைத் தண்ணீருக்கான பிளாஸ்டிக் குழாய், சிபிவிசி சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய், ஜிஐ துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூவருமே வீடு முழுக்க ஒரே குழாய் என்று பேசுகிறார்கள், அங்கேதான் நான் ஒத்துப்போகவில்லை. கடையில் "எத்தனை கிலோ பிரஷர் தாங்கும்" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் என்பது கணக்கு. உங்கள் மாடித் தொட்டியிலிருந்து கீழ்வீட்டுக் குழாய் வரை 25 அடி என்று வைத்தால் முக்கால் கிலோதான் வருகிறது, அதை எந்தக் குழாயும் தாங்கும். நம் வீடுகளில் குழாயைக் கெடுப்பது சூடு, வெயில், உப்பு, அப்புறம் அவசரமாக ஒட்டிய ஜாயின்ட்.

முதலில் ஜிஐ. சில மாதங்களுக்கு முன் ஒரு பழைய வீட்டில் குளியலறையை உடைத்தபோது முக்கால் இன்ச் ஜிஐ குழாய் ஒன்றை அறுத்துப் பார்த்தேன். வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளே பழுப்பும் வெள்ளையுமாக உப்பு அடுக்கடுக்காகப் படிந்து, ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் கல் மாதிரி உதிர்ந்தது. தண்ணீர் சன்னமாக வருகிறதே என்று அந்த வீட்டுக்காரர்கள் செலவு செய்து தொட்டியை உயர்த்தியிருந்தார்கள், பாவம். உப்புத் தண்ணீர் ஊரில் சுவருக்குள் ஜிஐ வேண்டாம்.

பச்சைத் தண்ணீர் லைனுக்கு யூபிவிசி தாராளமாகப் போதும், அதில் உங்கள் பிளம்பர் சொல்வது சரி. ஆனால் அது 45 டிகிரிக்கு மேல் போகும் இடத்துக்கு உரியதல்ல. பலர் கோட்டைவிடுவது சோலாருக்குள் பச்சைத் தண்ணீர் போகும் குழாயில். பச்சைத் தண்ணீர்தானே என்று யூபிவிசி போடுகிறார்கள், சோலார் தொட்டியின் சூடு பின்னோக்கி இறங்கி அந்தக் குழாய் வளைந்து, ஜாயின்ட் விட்டுப்போகிறது. அங்கே கடைசிச் சில அடிகளாவது சிபிவிசி இருக்கட்டும், தண்ணீரைத் திரும்பி வரவிடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் போடுங்கள்.

வெந்நீர் லைன் முழுக்க சிபிவிசி, எஸ்டிஆர் 11 (குழாய்ச் சுவரின் கனத்தைக் குறிக்கும் எண்). குழாய் மேல் ஐஎஸ் 15778 என்ற இந்தியத் தர எண் அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். 82 டிகிரியில் 7 கிலோ தாங்கும். ஆனால் வெயில் காலத்தில் நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டால் டியூப் சோலாரில் தண்ணீர் ஏறக்குறைய கொதிநிலைக்கே போகலாம். அதனால் சோலார் தொட்டியிலிருந்து வெளிவரும் முதல் 3 அடிக்கு மட்டும் ஜிஐ போட்டு, கழற்றி மாட்டும் யூனியன் வைத்து, பித்தளை த்ரெட் ஃபிட்டிங் வழியாக சிபிவிசிக்கு மாறுங்கள். உப்பு அடைத்தால் அந்தத் துண்டைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். மாமனார் சொன்ன குழாய்க்கும் இடம் கிடைத்துவிட்டது.

அளவில் ஒரு ஏமாற்றம் உண்டு. அரை இன்ச் சிபிவிசி என்று வாங்குவதன் உள்வட்டம் 12 மில்லிமீட்டர் சொச்சம்தான். அதே அரை இன்ச் யூபிவிசி, ஷெட்யூல் 40 என்ற கனத்தில், கிட்டத்தட்ட 16. ஷவர் வரைக்கும் முக்கால் இன்ச்சே கொண்டுபோங்கள், கடைசிக் குழாய்க்கு மட்டும் அரை. யூபிவிசி, சிபிவிசி இரண்டின் வெளிவட்டமும் வேறு, ஃபிட்டிங் மாறிப் பொருந்தாது. ஒட்டும் சொல்யூஷனும் வேறு வேறு. யூபிவிசி சொல்யூஷனால் சிபிவிசி ஒட்டும் ஆளை அப்போதே நிறுத்துங்கள். த்ரெட்டுக்கு டெஃப்லான் டேப் மட்டும். ஜிஐ த்ரெட்டில் சுற்றும் சணலும் ஆயில் பெயின்ட்டும் சிபிவிசி பக்கம் வரவே கூடாது.

வெந்நீர் ஓடினால் சிபிவிசி நீளும், 10 அடிக்கு 40 டிகிரி சூடேறினால் 7 மில்லிமீட்டர் வரும். மாடியில் கிளாம்பை இறுக்கிக் கட்டாதீர்கள். வெயில் படும் பிளாஸ்டிக் குழாய் எதுவானாலும் வாட்டர் பேஸ் பெயின்ட் ஒரு கோட்டிங் வேண்டும், சோலார் லைனுக்கு மேலே இன்சுலேஷனும்.

எல்லாம் ஒட்டி ஒரு நாள் கழித்து, பூச்சுக்கு முன்னால், லைனில் தண்ணீர் நிரப்பி டெஸ்ட் பம்பில் 10 கிலோ ஏற்றி ஒரு மணி நேரம் மீட்டர் முள் இறங்குகிறதா என்று நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். காற்றடித்து டெஸ்ட் செய்ய விடாதீர்கள், குழாய் வெடித்தால் ஆளுக்கு ஆபத்து. முள் இறங்காமல் நின்றால், ஒவ்வொரு சுவரிலும் டேப் வைத்து அளவு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துவிட்டு, கொத்தனாரைப் பூசச் சொல்லுங்கள்.