பழைய பிரிண்டர், புதிய லேப்டாப்: டிரைவர் ஏன் பொருந்தவில்லை?

கேள்வி: எங்கள் ஜெராக்ஸ் கடையில் பல ஆண்டுகளாக ஹெச்பி லேசர்ஜெட் 1020 பிரிண்டரைப் பயன்படுத்தி வருகிறோம். அண்மையில் விண்டோஸ் 11 உள்ள லேப்டாப் வாங்கினோம். அதில் சிடி டிரைவ் இல்லாததால், இணையத்தில் கிடைத்த ‘யுனிவர்சல் டிரைவர்’ ஒன்றை நிறுவினேன். பிரிண்டரின் பெயர் பட்டியலில் தெரிகிறது. ஆனால் பிரிண்ட் கொடுத்தால் வரிசையில் சேர்ந்து மறைந்துவிடுகிறது, தாள் வருவதில்லை. லேப்டாப் விற்றவர் புதிய பிரிண்டர் வாங்கச் சொல்கிறார். வேறு வழி உண்டா?
- வாசகர், விருதுநகர்

பதில்: உண்டு. நல்ல நிலையில் உள்ள பிரிண்டரைக் கழித்துக்கட்ட வேண்டியதில்லை. தாங்கள் நிறுவிய டிரைவர்தான் (கணினி பிரிண்டரை இயக்க உதவும் மென்பொருள்) அதற்கு உரியதன்று.

அலுவலகங்களில் உள்ள பெரிய லேசர் பிரிண்டர்கள் பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற பொது மொழிகளைப் புரிந்துகொள்பவை; யுனிவர்சல் டிரைவர் அம்மொழிகளில்தான் பேசும். தங்களிடம் உள்ள 1020 அவற்றை அறியாது. எழுத்தும் படமும் கொண்ட பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலை முழுவதையும் கணினியில் உள்ள டிரைவரே முடித்து அனுப்ப, அதைத் தாளில் பதிப்பது மட்டுமே இந்தப் பிரிண்டரின் வேலை. அது மட்டுமன்று, பிரிண்டரை இயக்கும் ‘ஃபர்ம்வேர்’ என்ற உள் மென்பொருள்கூட அதனுள் நிலையாக இருப்பதில்லை. ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் கணினியிலிருந்துதான் அதற்குச் செல்கிறது. ஆகவே, உரிய டிரைவர் இல்லாதவரை இது பாதிப் பிரிண்டர்தான். பல கடைகளில் காணப்படும் கேனான் எல்பிபி 2900 பிரிண்டருக்கும் இவ்வாறே தனி டிரைவர் வேண்டும்.

முதலில் செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, ‘அபவுட்’ என்று சென்று ‘சிஸ்டம் டைப்’ என்ற வரியைப் படியுங்கள். விண்டோஸ் 11 முழுக்க 64 பிட் என்பதால், பழைய சிடியில் உள்ள 32 பிட் டிரைவர் இதில் ஏறாது. அதற்காக வெளி சிடி டிரைவ் வாங்கிச் செலவழிக்க வேண்டாம். அந்த வரியில் ‘ஏஆர்எம்’ (வேறு வகைப் பிராசசர்) என்றிருந்தால் சிக்கல் பெரிது. சாதாரண மென்பொருள்களை அத்தகைய லேப்டாப் சமாளித்து ஓட்டினாலும், டிரைவர் மட்டும் ஏஆர்எம்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்படியானால் கோப்பை பிடிஎஃப் ஆக்கி, வேறொரு கணினியிலிருந்து அச்சிடுவதே எளிது.

‘எக்ஸ்64’ (வழக்கமான வகைப் பிராசசர்) என்றிருந்தால், யுஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட்டு, ‘பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’ பகுதியில் பிரிண்டரை நீக்குங்கள். பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள்; ஆனால் பட்டியலில் இருந்து பெயர் போனாலும் தவறான டிரைவர் கணினிக்குள்ளேயே தங்கியிருந்து, அடுத்த முறை கேபிளைச் செருகியதும் மீண்டும் வந்து ஒட்டிக்கொள்ளக்கூடும். எனவே அதே பகுதியில் உள்ள ‘பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ்’ வழியாக ‘டிரைவர்ஸ்’ பக்கத்துக்குச் சென்று, டிரைவரையும் அதன் பேக்கேஜையும் சேர்த்தே அழியுங்கள். ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று மறுத்தால், ‘சர்வீசஸ்’ பட்டியலில் அச்சு வரிசையைக் கவனிக்கும் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ சேவையை ரீஸ்டார்ட் செய்து உடனே மீண்டும் முயலுங்கள்.

பிறகு ஹெச்பி நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் மாடல் எண்ணைத் தேடி, ‘ஹோஸ்ட்பேஸ்டு’ (பக்கத்தைக் கணினியே தயாரிக்கும் வகை) என்று குறிப்பிட்டுள்ள 64 பிட் டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10 என்று போட்டிருந்தாலும் பெரும்பாலும் 11-இல் வேலை செய்யும். ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று வலைவிரிக்கும் மற்ற தளங்களின் பக்கம் தயவுசெய்து போகவே போகாதீர்கள். நிறுவும்போது அது கேட்கும் கட்டத்தில் மட்டும் கேபிளை, ஹப் வழியாக அல்லாமல் நேரடியாக, லேப்டாப்பில் செருகுங்கள்.

அதன் பின்னும் தாள் வராவிட்டால், பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் ‘போர்ட்ஸ்’ பக்கத்தைப் பாருங்கள்: டிக் குறி எல்பிடி1 என்ற பழைய வகை போர்ட்டில் இருந்தால் யுஎஸ்பி001-க்கு மாற்ற வேண்டும்; கேபிளை வேறு துளையில் செருகியிருந்தால் அது யுஎஸ்பி002 ஆகவும் இருக்கலாம். ‘விண்டோஸ் புரொடெக்டட் பிரிண்ட்’ என்ற வசதி இயக்கப்பட்டிருந்தால் இத்தகைய டிரைவர்களை அது அனுமதிக்காது, அதை நிறுத்திவையுங்கள்.

பிரிண்டர் நிறுவனங்களின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாக வழங்குவதைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-இல் அறிவித்துவிட்டது. அதனால், இறக்கிய டிரைவர் கோப்பை அழிக்காமல் ஒரு பென்டிரைவிலும் சேமித்து, மாடல் எண்ணை எழுதி ஒட்டிக் கடையிலேயே வைத்திருங்கள்.