பால் டீ குடிப்பதால் ரத்தம் குறையுமா?

கேள்வி: எனக்கு 34 வயது, பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். ஹீமோகுளோபின் 9.4 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. கணவர் கொஞ்ச நாளாகப் பால் இல்லாத டீக்கு மாறிவிட்டார். பால் ஊற்றினால் டீயின் சத்தே போய்விடும், உனக்கு ரத்தம் குறைவதும் அதனால்தான் என்கிறார். எனக்குப் பால் இல்லாமல் தொண்டையில் இறங்காது. தினமும் நாலு டீ குடிப்பேன். மாறித்தான் ஆக வேண்டுமா டாக்டர்?

பதில்: வேண்டாம் அம்மா. பால் டீ பிடித்தால் பால் டீயே குடியுங்கள். உங்கள் கணவர் சொல்வதிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. 2007ல் பெர்லினில் 16 பெண்களுக்கு டீ கொடுத்துப் பார்த்தார்கள், வெறும் டீ ரத்தக்குழாய்களை நன்றாக விரியச் செய்தது, பால் சேர்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆனால் பால் சேர்த்தாலும் டீயில் உள்ள நல்ல பொருட்கள் ரத்தத்தில் சேர்வது குறையவில்லை என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. இதை வைத்து ஒருவர் டம்ளரை இன்னொருவர் பிடுங்க வேண்டியதில்லை.

உங்கள் ரத்தக் குறைவுக்கும் பாலுக்கும் முடிச்சுப் போடுவதுதான் தவறு. டீத்தூளில் உள்ள துவர்ப்புப் பொருள், களி, கீரை, பயறு மாதிரி தாவர உணவில் இருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. பால் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் இது நடக்கும். அதனால் எந்த டீ என்பதைவிட எப்போது குடிக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். நம் பக்கம் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டுக் கை கழுவின உடனே ஒரு டீ போடுவது வழக்கம், அதை மட்டும் நிறுத்துங்கள். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது போகட்டும். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து நன்றாக ஏறும்.

இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கவே கூடாது, பாலோடும் கூடாது, பாலில் உள்ள கால்சியமும் அதைத் தடுக்கும். தண்ணீரோடு விழுங்கிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து டீ குடியுங்கள்.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். டீ போட எந்தத் தண்ணீர் பிடிக்கிறீர்கள்? தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், பல்லில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். டீச்செடி வேறு மண்ணிலிருந்து ஃபுளோரைடை இழுத்து இலையில் சேர்த்துவைக்கும், தூளை நிறையப் போட்டு நேரம் விட்டுக் கொதிக்கவைத்தால் அதுவும் இறங்கும். இந்த விஷயத்தில் பால் உங்கள் பக்கம்தான். அதன் கால்சியம் உடம்பில் சேரும் ஃபுளோரைடை ஓரளவு குறைக்கும். ஆனால் அதை நம்பி போர் தண்ணீரில் டீ போடாதீர்கள். அந்தத் தொல்லைக்காகவே வந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், குடிக்கவும் சமைக்கவும் டீக்கும் அதையே பிடித்துவையுங்கள்.

சர்க்கரையையும் பாருங்கள். நாலு டீக்கு இரண்டிரண்டு ஸ்பூன் என்றால் 30 கிராமைத் தாண்டிவிடும். 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாள் முழுக்கச் சேர்த்து. உங்கள் கணவர் வெறும் டீயில் மூன்று ஸ்பூன் போடுகிறாரா என்று பாருங்கள், போட்டால் அந்த டீயால் அவருக்குப் பெரிய லாபம் இல்லை.

9.4 என்பது அலட்சியம் செய்யும் அளவு இல்லை அம்மா, உங்கள் வயதுப் பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். டீ நேரத்தை மாற்றினால் மட்டும் அது ஏறிவிடாது. மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகிறதா, குடலில் புழு இருக்கிறதா, மூலத்தில் ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். இரும்புச்சத்து மாத்திரை அங்கே இலவசமாகவே கிடைக்கும். ஒரு மாதம் விடாமல் போட்டுவிட்டு மறுபடியும் ரத்தம் பாருங்கள், ஏறவில்லை என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையில் காட்டிக் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.