சைக்காலஜி படிப்புக்கு எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த என் மகள், பி.எஸ்சி. சைக்காலஜிதான் படிப்பேன் என்கிறாள். பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரியில் ஹாஸ்டலோடு சேர்த்து ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ஆகும். கணவருக்கு மளிகைக் கடை. எஃப்.டி. 6 லட்சம், செல்வமகள் கணக்கில் 7 லட்சம் இருக்கிறது. எஃப்.டி.யை உடைப்பதா, கல்விக் கடனா, நகை அடகா? அஞ்சல் வழியில் படித்தால் மிச்சம் என்கிறார் நாத்தனார்.
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: நாத்தனார் சொல்லும் வழி இப்போது இல்லை. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து சைக்காலஜியை அஞ்சல் வழியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாதென்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. யாராவது இடம் தருவதாகச் சொன்னால் பணம் கட்டிவிடாதீர்கள்.

நீங்கள் மூன்று வருடக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள் அம்மா. இந்தப் படிப்பு மூன்று வருடத்தோடு நிற்காது. வெறும் பி.எஸ்சி.யோடு ஹெச்.ஆர். உதவியாளர், தொண்டு நிறுவன வேலை என்று ஏதாவது கிடைக்கலாம். ஆனால் மகள் மனதில் இருப்பது மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கும் வேலை என்றால், முதுகலை வேண்டும். அதற்கு மேல் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த பயிற்சியும் பதிவும் வேண்டும். ஆக, ஐந்து முதல் ஏழு வருடச் செலவு.

பெங்களூர் என்றால் மூன்று வருடத்துக்குப் பத்தரை லட்சம். எஃப்.டி. முழுவதும், செல்வமகளில் எடுக்க முடிந்த பாதியும் சேர்ந்தால் ஒன்பதரை லட்சம்தான். முதுகலைக்குக் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் பெங்களூர் வேண்டாம் என்பேன். கோவை அரசு கலைக் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி இரண்டிலும் சைக்காலஜி இருக்கிறது. கட்டணம் சில ஆயிரங்கள்தான், பெரிய செலவு ஹாஸ்டல். தமிழ்நாட்டில் படித்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் அடுத்து அரசு உதவி பெறும் கல்லூரிகளைப் பாருங்கள். பெரிய கல்லூரிப் பெயருக்குப் பணம் கொட்டுவதாக இருந்தால், அதை முதுகலையில் கொட்டலாம்.

எந்தப் பணத்தை முதலில் தொடுவது? எஃப்.டி.யைத்தான். செல்வமகளுக்கு இப்போது 8.2 சதவீத வட்டி, அதுவும் வரியில்லாமல். உங்கள் எஃப்.டி. ஏழு சதவீதத்தைத் தாண்டினாலே அதிசயம். ஒரேயடியாக உடைக்காமல், இரண்டு மூன்று ரசீதுகளாகப் பிரித்துப் போட்டு, வருடத்துக்கு ஒன்றாக முதிரும்படி வையுங்கள். கடைக்கு அவசரம் என்றால் கைகொடுக்க ஒன்றரை லட்சமாவது அதில் மிஞ்சட்டும்.

கல்விக் கடன் 4 லட்சம் வரை ஈடு இல்லாமல் கிடைக்கும். ஆனால் இந்தப் படிப்பில் ஒரு சிக்கல். வழக்கமாக, படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை தொடங்கும். அப்போது அவள் எம்.எஸ்சி. முதலாண்டுதான் முடித்திருப்பாள், சம்பளம் எங்கே? வட்டியோ முதல் நாளிலிருந்தே ஓடும். 4 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் வருடம் 40,000. எனவே கடனை முதுகலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போதே வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், மேற்படிப்புக்காகத் தவணையைத் தள்ளிவைப்பார்களா என்று வங்கியில் எழுத்தில் கேளுங்கள்.

நகையைத் தொட வேண்டாம். ஒரு வருடத்தில் திருப்ப வேண்டிய கடனை வைத்து ஐந்தாறு வருடப் படிப்பை ஓட்ட முடியாது.

செல்வமகளில் பணம் எடுக்கும் நேரம் வந்தால், முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் பாதி வரைதான் தருவார்கள், அதுவும் கல்லூரிக் கட்டண அளவுக்குத்தான். சேர்க்கைக் கடிதத்தையும் கட்டணச் சீட்டையும் எடுத்துக்கொண்டு தபால் நிலையம் போங்கள்.